கையொப்பம் கேட்டு நிற்றல்: சுவிற்சர்லாந்தில் பண்ணை விலங்குகளுக்கான ஒரு மக்கள் முன்மொழிவும் அதன் பாடங்களும்

கையெழுத்துப் போராட்டம் எங்களுக்குப் புதிதல்ல. காணாமல் ஆக்கப்பட்டோருக்கு நீதி கேட்டும், காணிகளை விடுவிக்கக் கோரியும், பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கக் கோரியும் வடக்கு கிழக்கில் எத்தனையோ தடவை கையெழுத்துகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. பஸ் நிலையத்திலும் சந்தை வாசலிலும் மேசை போடப்படும். மக்கள் வரிசையில் நின்று கையெழுத்து வைப்பார்கள். பிறகு அது மகஜராகக் கட்டப்பட்டு மாவட்டச் செயலாளரிடமோ, ஜனாதிபதிக்கோ, ஜெனிவாவுக்கோ போகும். அதற்குப் பின் என்ன நடந்தது என்று கையெழுத்து வைத்தவருக்குப் பெரும்பாலும் தெரியவருவதில்லை.

நான் இப்போது வாழும் சுவிற்சர்லாந்தில் இன்னொரு வகைக் கையொப்பம் இருக்கிறது. போதிய எண்ணிக்கையில் சேர்ந்துவிட்டால், நாட்டின் அரசியலமைப்பை மாற்றலாமா என்று முழு நாட்டிடமும் கேட்டே ஆகவேண்டும். அரசாங்கத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ பிடிக்காவிட்டாலும் கேட்டே ஆகவேண்டும். 2018 யூன் முதல் 2019 செப்டெம்பர் வரை, பண்ணை விலங்குகளின் நலனுக்கான அப்படியொரு முன்மொழிவுக்காகப் பேர்ண் நகரில் ஓய்வு நேரங்களில் கையொப்பம் சேர்த்தேன். அந்த வேலை எப்படி நடக்கிறது, அதில் எங்கள் சமூகத்துக்கு என்ன இருக்கிறது, எந்த இடத்தில் அவதானமாக இருக்கவேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

மகஜரும் மக்கள் முன்மொழிவும்

சுவிஸ் அரசியலமைப்பில் இரண்டும் தனித்தனி உரிமைகள். மகஜர் கொடுக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. வெளிநாட்டவர், பதினெட்டு வயது நிரம்பாதவர், வதிவிட அனுமதி மட்டும் உள்ளவர் என்று எவரும் கொடுக்கலாம். அதிகாரிகள் அதைக் கவனத்தில் எடுக்கவேண்டும். அதற்கு மேல் அவர்களுக்குக் கட்டாயம் எதுவுமில்லை.

மக்கள் முன்மொழிவு வேறு. அரசியலமைப்பில் ஒரு பகுதியை மாற்றும்படி மக்களே கேட்கும் உரிமை 1891 இல் கொண்டுவரப்பட்டது. அப்போது 50,000 கையொப்பம் போதும். 1971 இல் பெண்களுக்குக் கூட்டாட்சி மட்டத்தில் வாக்குரிமை கிடைத்து வாக்காளர் தொகை பெருகியபின், 1977 இல் அது 100,000 ஆக உயர்த்தப்பட்டது. முன்மொழியும் குழுவில் 7 முதல் 27 பேர் வரை இருக்கவேண்டும். கூட்டாட்சிச் செயலகம் வாசகத்தையும் படிவத்தையும் முன்கூட்டியே பரிசோதித்து அரசிதழில் வெளியிடும். அன்றிலிருந்து 18 மாதங்களுக்குள் 100,000 செல்லுபடியான கையொப்பங்கள் சேரவேண்டும். கையொப்பமிடக் கூடியவர்கள் 18 வயது நிரம்பிய சுவிஸ் பிரஜைகள் மட்டுமே.

சேர்ந்தபின் அரசாங்கம் தன் கருத்தைச் சொல்லும். நாடாளுமன்றம் விவாதிக்கும், விரும்பினால் எதிர் யோசனை ஒன்றை முன்வைக்கும். கடைசியில் வாக்கெடுப்பு. அதில் வெல்ல நாடளாவிய பெரும்பான்மையும், மாநிலங்களில் பெரும்பான்மையும் என இரண்டும் தேவை. இதுவரை வாக்கெடுப்புக்கு வந்த 200 க்கும் மேற்பட்ட முன்மொழிவுகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றே வென்றிருக்கிறது. கையொப்பம் சேர்க்க இறங்கும் எவருக்கும் இந்தக் கணக்குத் தெரியும். தோற்கும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்துகொண்டுதான் தெருவில் நிற்கிறோம்.

என்ன கேட்கப்பட்டது

முன்மொழிவின் பெயர் “சுவிற்சர்லாந்தில் பெருந்தொகை விலங்கு வளர்ப்பு வேண்டாம்” என்ற பொருள்பட இருந்தது. இறைச்சியைத் தடைசெய்யும்படியோ பண்ணைகளை மூடும்படியோ அதில் எங்கும் இல்லை. நான்கு விடயங்களில் அடிப்படை விதி வேண்டும் என்றது: விலங்குகளுக்கு ஏற்ற இருப்பிடமும் பராமரிப்பும், வெளியில் நடமாட இடம், அறுக்கும் முறை, ஒரு கொட்டிலில் வளர்க்கக்கூடிய ஆகக் கூடிய தொகை. குறைந்தபட்ச அளவுகோலாக 2018 ஆம் ஆண்டின் பையோ சுவிஸ் இயற்கை விவசாய விதிகள் சொல்லப்பட்டன. இறக்குமதியாகும் விலங்குப் பொருட்களுக்கும் இந்த விதிகளைக் கருத்தில் கொள்ளவேண்டும் என்றது. பண்ணையாளர்கள் மாறிக்கொள்ள 25 ஆண்டு அவகாசம் கொடுத்தது.

சுவிற்சர்லாந்தில் இதற்கு என்ன தேவை என்று கேட்பவர்கள் பலர். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. 1981 இல் நடைமுறைக்கு வந்த விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பத்தாண்டு அவகாசத்தின் பின், முட்டைக் கோழிகளை நெருக்கமான கம்பிக் கூடுகளில் வளர்ப்பதை 1992 அளவில் உலகிலேயே முதலில் முடிவுக்குக் கொண்டுவந்த நாடு இது. பண்ணையில் வைத்திருக்கக்கூடிய ஆகக் கூடிய தொகைக்கும் சட்டம் உண்டு. பல நாடுகளில் அதுகூட இல்லை.

ஆனால் அந்தத் தொகை என்ன என்று பார்க்கவேண்டும். ஒரு பண்ணையில் 18,000 முட்டைக் கோழிகள் வரை, 1,500 இறைச்சிப் பன்றிகள் வரை வைத்திருக்கலாம். நூறு கிலோ நிறையுள்ள ஒரு பன்றிக்குச் சட்டம் கேட்கும் ஆகக் குறைந்த இடம் 0.9 சதுர மீற்றர். அதாவது பத்துப் பன்றிகள் மூன்று மீற்றருக்கு மூன்று மீற்றர் அறையொன்றில். இறைச்சிக் கோழிகளுக்குச் சதுர மீற்றருக்கு 30 கிலோ வரை என்று கணக்கு. கோழி இரண்டு கிலோவை எட்டும்போது ஒரு சதுர மீற்றரில் பதினைந்து கோழிகள். தெருவில் ஆட்களோடு கதைக்கும்போது இந்த இலக்கங்கள்தான் எனக்குக் கைகொடுத்தன. படங்களைக் காட்டினால் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். “மூன்றுக்கு மூன்று மீற்றர், பத்துப் பன்றி” என்றால் நின்று தலைக்குள் கணக்குப் போடுவார்கள்.

அந்தத் தாள்

கையொப்பத் தாள் பார்க்கச் சாதாரணமானது, ஆனால் சட்டம் அதில் ஒவ்வொரு வரியையும் பார்க்கிறது. மேலே மாநிலத்தின் பெயரும் உள்ளூராட்சியின் பெயரும் எழுதவேண்டும். இங்குள்ள தமிழர் இதைக் கெமைண்டே என்போம். ஒரு தாளில் ஒரே கெமைண்டேயின் வாக்காளர்கள் மட்டுமே கையொப்பமிடலாம். நான் சேர்த்த காலத்தில் நாட்டில் 2,200 அளவில் கெமைண்டேகள் இருந்தன. பேர்ண் புகையிரத நிலையத்தில் நிற்கும்போது கேர்னிஸ், ஒஸ்ரர்முண்டிகன், தூண், பீல் என்று நான்கு திசையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஆகவே மட்டையில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு தாள்கள் இருக்கும். முதற்கேள்வி “விலங்குகளைப் பிடிக்குமா?” என்பதல்ல, “எந்தக் கெமைண்டேயில் வாக்கு?” என்பதுதான்.

பெயரையும் கையொப்பத்தையும் ஒப்பமிடுபவரே தன் கையால் எழுதவேண்டும், பிறந்த திகதியும் முகவரியும் கொடுக்கவேண்டும். எழுத முடியாத ஒருவருக்காக மட்டும் இன்னொரு வாக்காளர் நிரப்பலாம், அவரும் தன் பெயரைப் பதியவேண்டும். கணவன் மனைவிக்காகக் கையெழுத்து வைப்பது, வீட்டாருக்கெல்லாம் சேர்த்து ஒருவர் எழுதிவிடுவது எல்லாம் செல்லாது. பொய்க் கையொப்பமும், கையொப்பத்துக்குக் கையூட்டுக் கொடுப்பதும் வாங்குவதும் குற்றவியல் சட்டத்தின்படி தண்டனைக்குரியவை என்று தாளிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

சேர்த்த தாள்கள் அந்தந்தக் கெமைண்டேக்குப் போகும். அங்கே அலுவலர் வாக்காளர் பதிவோடு ஒவ்வொரு பெயரையும் ஒப்பிட்டு, எத்தனை செல்லுபடியானவை என்று முத்திரை குத்துவார். ஒருவர் இரண்டு தடவை இட்டிருந்தால் ஒன்று கழியும். பிறந்த திகதி வாசிக்க முடியாவிட்டால் சிக்கல். இதனால் எந்தக் குழுவும் 100,000 உடன் நிறுத்துவதில்லை, அதற்கு மேல் சில ஆயிரம் கூடுதலாகச் சேர்க்கும். ஊரில் எண்ணிக்கை எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைப்போம். இங்கே ஒவ்வொரு கையொப்பத்துக்கும் பின்னால் உண்மையான ஒரு ஆள் இருக்கிறாரா என்று யாரோ ஒருவர் இருந்து பார்க்கிறார். அதனால்தான் அதற்குப் பெறுமதி.

எங்கே நிற்பது, என்ன சொல்வது

மேசையும் பதாகையும் வைப்பதென்றால் பல நகரங்களில் அனுமதி எடுக்கவேண்டும். கையில் மட்டையும் பேனையுமாக நடந்து திரிந்து கேட்பதற்குப் பெரும்பாலும் அது தேவையில்லை. பேர்ணில் செவ்வாயும் சனியும் காலையில் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் காய்கறிச் சந்தை கூடும். பண்ணையாளர்கள் தங்கள் விளைச்சலைக் கொண்டுவந்து விற்கும் இடம். அங்கே நிற்பது எனக்குப் பிடிக்கும். ஏனென்றால் எதிர்க்கருத்தை நேரே கேட்கலாம்.

ஒருமுறை முட்டை விற்கும் பண்ணையாளர் ஒருவர் என்னோடு கால் மணித்தியாலம் கதைத்தார். அவரது கேள்வி எளிமையானது: “நான் விதியைக் கடுமையாக்கி முட்டை விலையைக் கூட்டினால், நீ எல்லை தாண்டிப் போய் ஜேர்மனியில் மலிவு முட்டை வாங்கமாட்டாயா?” இறக்குமதிக்கும் இந்த விதி பொருந்தும் என்ற பந்தியைக் காட்டினேன். “வர்த்தக ஒப்பந்தங்கள் அதை விடாது” என்றார். பின்னாளில் அரசாங்கமும் விவசாயிகள் சங்கமும் சொன்ன முக்கிய வாதம் இதுவேதான். அவர் கையொப்பமிடவில்லை. ஆனால் போகும்போது, வாக்கெடுப்புக்கு வந்தால் தான் இல்லை என்று போடுவேன் என்றும், கேள்வி கேட்கப்படுவதில் தனக்கு ஆட்சேபனை இல்லை என்றும் சொன்னார்.

கையொப்பம் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஒப்பமிடுபவர் “நான் ஆம் என்று வாக்களிப்பேன்” என்று சொல்லவில்லை. “இது எல்லோரிடமும் கேட்கப்படவேண்டிய கேள்வி” என்று மட்டும் சொல்கிறார். தயங்கி நிற்பவரிடம் அதைச் சொன்னால் பலர் பேனையை வாங்குவார்கள்.

சேர்ப்பதற்கு ஆகச் சிறந்த நாள் வாக்கெடுப்பு ஞாயிறு. வாக்குச்சாவடிக்கு வருகிறவர்கள் அத்தனை பேரும் வாக்காளர்கள், அரசியல் விடயத்தில் அக்கறை உள்ளவர்கள். 2018 நவம்பர் 25 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று நாட்டின் முன்னால் இருந்த கேள்விகளில் ஒன்று மாட்டின் கொம்பு. அர்மின் கப்பவுல் என்ற மலைநாட்டு விவசாயி ஒருவர், கன்றுகளின் கொம்பைத் தீய்க்காமல் வளர்ப்பவர்களுக்கு அரசு உதவித்தொகை கொடுக்கவேண்டும் என்று முன்மொழிவைத் தொடங்கி, 100,000 க்கு மேல் கையொப்பம் சேர்த்து, நாட்டையே மாட்டுக்கொம்பு பற்றிக் கதைக்க வைத்திருந்தார். அன்று 54.7 வீதமானவர்கள் இல்லை என்றார்கள். சாவடி வாசலில் சிலர் என்னிடம் “இப்பதானே மாட்டுக்கு வாக்குப் போட்டுவிட்டு வாறம், திரும்பவுமா?” என்று சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப்பேர் கையொப்பமும் இட்டார்கள்.

மணித்தியாலத்துக்குப் பத்துக் கையொப்பம் கிடைத்தால் நல்ல நாள். மழை, குளிர் என்றால் மூன்று நான்கு. இதை வைத்துப் பார்த்தால் 100,000 என்பது எத்தனை ஆயிரம் மணித்தியாலம் என்று நீங்களே கணக்கிடலாம்.

எங்கட ஆக்கள்

சுவிற்சர்லாந்தில் ஏறத்தாழ 50,000 தமிழர் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. பிரஜாவுரிமை எடுத்தவர்களும் கணிசம். ஆனால் கையொப்பத் தாள்களில் எங்கள் பெயர்களைக் காண்பது அரிது. தமிழ்க் கடைகளுக்கு வெளியிலும், பேர்ண் ஐரோப்பாச் சதுக்கத்தில் சமயங்களின் இல்லம் இருக்கும் தெருவிலும் நான் நின்றிருக்கிறேன். சைவக் கோயில், பள்ளிவாசல், பௌத்த நிலையம், தேவாலயம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் உள்ள கட்டடம் அது.

அங்கே அதிகம் கேட்கப்பட்ட கேள்வி விலங்கு பற்றியதல்ல. “தம்பி, இதிலை சைன் வைச்சா பிறகு பிரச்சினை ஒண்டும் வராதோ?” ஒரு அம்மா கேட்டார். அவர் சுவிஸ் பிரஜை. இருபது வருடத்துக்கு மேல் இங்கே இருக்கிறார். ஆனால் பெயரையும் பிறந்த திகதியையும் முகவரியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அது எங்கே போய் முடியும் என்ற பயம் ஊரிலிருந்து கூடவே வந்தது. அந்தப் பயத்தை ஏளனம் செய்ய எவருக்கும் உரிமை இல்லை. தாள் கெமைண்டேக்குப் போகும், அங்கே உங்கள் வாக்காளர் பதிவோடு சரிபார்ப்பார்கள், தேர்தல் இரகசியம் போல இதுவும் இரகசியமாகக் காக்கப்படவேண்டும், கெடுபிடி எதுவும் இல்லை என்று விளக்கினேன். அவர் யோசித்துவிட்டு எழுதினார். எழுதியபின் சொன்னார்: “வாக்குச்சீட்டு வீட்டுக்கு வருது, நான் ஒருநாளும் போட்டதில்லை. இதுதான் முதல்.”

இன்னொரு பக்கம், ஆர்வமாக வந்து பேனையைக் கேட்டவர்களில் பலருக்குச் சி அனுமதிதான் இருந்தது. அவர்களிடம் வாங்கமுடியாது. இந்த மண்ணில் முப்பது வருடம் உணவகச் சமையலறைகளில் வேலை செய்தவர்கள், வரி கட்டுபவர்கள், இறைச்சி வெட்டும் தொழிற்சாலைகளில் அந்தக் கோழிகளையும் பன்றிகளையும் நேரில் கண்டவர்கள். விடயம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். ஆனால் அவர்களுடைய ஒப்பம் செல்லாது. “அப்ப எங்களை ஏன் மறிச்சனீர்?” என்று ஒருவர் கோபித்தார். உங்கள் பிள்ளைகள் போடலாம், அவர்களிடம் காட்டுங்கள் என்று தாளைக் கொடுத்தேன். இரண்டு கிழமையில் மூன்று பெயர்களோடு அந்தத் தாள் திரும்பி வந்தது.

1893 ஆம் ஆண்டின் நிழல்

இந்த வேலையில் என்னை அதிகம் யோசிக்க வைத்த விடயம் இனித்தான் வருகிறது.

கோயிலால் வந்த ஒரு பெரியவர் தாளைப் பார்த்துவிட்டு மகிழ்ந்துபோய்ச் சொன்னார்: “நல்ல விசயம் தம்பி. முஸ்லிம் ஆக்கள் மாடு வெட்டுறதையும் இப்படியே நிப்பாட்டோணும்.” நான் சொன்னேன்: “ஐயா, இது அவையளைப் பற்றினதில்லை. நாங்கள் எல்லாரும் சாப்பிடுற கோழியும் முட்டையும் எப்பிடி வளருது எண்டதைப் பற்றினது.” அவர் முகம் சற்று வாடியது. “அப்ப யோசிச்சுச் சொல்லுறன்” என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அவர் அனுப்பினாரா என்று எனக்குத் தெரியாது.

அன்றிரவு எனக்கு அந்தப் பெரியவரை விட இந்த நாட்டின் வரலாறுதான் நினைவில் ஓடியது. சுவிற்சர்லாந்தின் முதலாவது மக்கள் முன்மொழிவே விலங்கு பற்றியது. மயக்கமுறச் செய்யாமல் விலங்குகளை அறுப்பதைத் தடைசெய்யும்படி விலங்குப் பாதுகாப்புச் சங்கங்கள் கையொப்பம் சேர்த்தன. அரசாங்கமும் நாடாளுமன்றமும் வேண்டாம் என்றன. 1893 ஓகஸ்ட் 20 இல் 60 வீதமானவர்கள் ஆம் என்றார்கள். பெயர் விலங்குநலம். ஆனால் அந்தப் பிரசாரத்தில் யூதர்கள் மீதான வெறுப்பு வெளிப்படையாக இருந்தது என்பதை இன்று வரலாற்றாசிரியர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். யூதர்களுக்குச் சம உரிமை கிடைத்து முப்பது ஆண்டுகூட ஆகாத காலம் அது. அந்தத் தடை 1973 வரை அரசியலமைப்பில் இருந்தது, பிறகு விலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் மாறி, பாலூட்டிகளுக்கு இன்றும் நடைமுறையில் உள்ளது. விலங்கின் வேதனை உண்மையா என்றால் உண்மைதான். அதே வேளை, அந்த வாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் தங்கள் பண்ணைகளில் எதையும் மாற்றவேண்டியிருக்கவில்லை. மாற்றம் முழுவதும் ஒரு சிறுபான்மையின் தலையில் விழுந்தது. இதே கருவியால்தான் 2009 இல் பள்ளிவாசல்களுக்கு மினாரா கட்டுவதும் தடைசெய்யப்பட்டது.

இலங்கையில் இதைக் காண வெகுதூரம் போகத் தேவையில்லை. 2020 செப்டெம்பரில் மாடு அறுப்பதைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை இணங்கியது. மாட்டிறைச்சி உண்பவர்களுக்காக இறக்குமதி செய்யலாம் என்றும் அதில் இருந்தது. மாட்டின் வேதனைதான் காரணம் என்றால் வேறு நாட்டு மாட்டுக்கு அது இல்லையா? இலங்கையில் அதிகம் உண்ணப்படும் இறைச்சி கோழி. வடமேல் மாகாணத்தின் பெரிய பண்ணைகளிலிருந்து யாழ்ப்பாணச் சந்தை வரை வரும் முட்டைகளும் கோழிகளும் எந்தக் கூட்டில், எவ்வளவு இடத்தில் வளர்ந்தன என்று அந்த யோசனை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது எல்லா இனத்தவரின் சாப்பாட்டுத் தட்டையும் தொட்டிருக்கும்.

ஆகவே எனக்கு நானே ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டேன். விலங்குநலம் என்ற பெயரில் ஒரு தாள் நீட்டப்பட்டால், அது யாருடைய பழக்கத்தை மாற்றச் சொல்கிறது என்று பார்ப்பேன். கையொப்பமிடுபவரின் பழக்கத்தையும் சேர்த்து மாற்றச் சொன்னால் கதைக்கலாம். அயலவனுடையதை மட்டும் என்றால் அந்தத் தாளில் விலங்கு ஒரு சாட்டு.

கூலிக்குச் சேர்ப்பவர்கள்

எங்களைப் போன்ற தொண்டர்கள் மட்டும்தான் தெருவில் நிற்கிறார்கள் என்று நினைக்கவேண்டாம். கையொப்பமொன்றுக்கு இத்தனை பிராங்க் என்று பணம் வாங்கிச் சேர்த்துக் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. 2024 செப்டெம்பரில், பல முன்மொழிவுகளில் பொய்க் கையொப்பங்கள் பெருமளவில் இருந்ததாகச் சுவிஸ் பத்திரிகைகள் வெளிக்கொண்டுவந்தன. இறந்தவர்களின் பெயர், இடம்பெயர்ந்து போனவர்களின் முகவரி, ஒரே கையெழுத்தில் பல பெயர்கள். அதற்கு முன்பே கூட்டாட்சிச் செயலகம் குற்றவியல் முறைப்பாடு செய்திருந்ததும் அப்போது தெரியவந்தது. எண்ணிக்கைக்குப் பணம் என்றானதும் ஆளுக்குத் தேவையில்லாமல் போகிறது.

தொண்டராகச் சேர்ப்பதில் வேகம் குறைவு. ஆனால் ஒவ்வொரு ஒப்பத்துக்கும் பின்னால் ஒரு உரையாடல் இருக்கிறது. அந்தப் பண்ணையாளரைப் போல ஒப்பமிடாமல் போனவர்களோடும் இருக்கிறது. வாக்கெடுப்பு நாள் வரும்போது அவர்களுக்கு விடயம் ஏற்கனவே தெரியும்.

முடிவு என்ன ஆனது

2019 செப்டெம்பர் 17 இல் ஒரு இலட்சத்தைத் தாண்டிய கையொப்பங்கள் பேர்ணில் கையளிக்கப்பட்டன. அரசாங்கம் முன்மொழிவை நிராகரித்தது, ஆனால் எல்லா விலங்குகளின் நலனையும் அரசியலமைப்பில் பொதுவாகச் சேர்க்கும் எதிர் யோசனை ஒன்றை முன்வைத்தது. நாடாளுமன்றம் அதையும் ஏற்கவில்லை. மூன்று வருடங்களின் பின், 2022 செப்டெம்பர் 25 இல் வாக்கெடுப்பு நடந்தது. 62.9 வீதமானவர்கள் இல்லை என்றார்கள். மாநிலங்களில் பாசல் நகரம் ஒன்று மட்டுமே ஆம் என்றது. அன்று பெண்களின் ஓய்வூதிய வயதை 65 ஆக உயர்த்தும் கேள்வியும் வாக்குக்கு வந்து மயிரிழையில் வென்றது. பெரும்பாலானோரின் கவனம் அங்கேதான் இருந்தது.

தோல்வி தோல்விதான். ஆனால் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட வாக்காளர்கள், உலகிலேயே கடுமையான விலங்குச் சட்டங்களில் ஒன்றைக் கொண்ட நாட்டில், அது போதாது என்று சொல்லியிருக்கிறார்கள். இல்லை என்று போட்டவர்கள்கூட, வாக்கெடுப்புக்கு முன்வந்த மாதங்களில் 18,000 கோழி, 0.9 சதுர மீற்றர் என்ற இலக்கங்களைக் கேட்டிருப்பார்கள்.

மற்ற இடங்களில் கையொப்பத்துக்கு என்ன நடந்தது என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். கலிபோர்னியாவில் கையொப்பம் வழியாக வாக்குக்கு வந்த சட்டங்கள் 2008 இலும் 2018 இலும் அறுபது வீதத்துக்கு மேல் ஆதரவு பெற்று வென்றன. கூடுகளில் வளர்ந்த கோழியின் முட்டையை அங்கே விற்கவே முடியாது என்றானது. பன்றி உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்கை 2023 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் நிராகரித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கூடுகளை ஒழிக்கக் கோரி 2018 – 2019 இல் ஏறத்தாழ 14 இலட்சம் கையொப்பங்கள் சேர்ந்தன. அந்த முறையில் வாக்கெடுப்பு இல்லை, ஆணைக்குழு பதில் சொன்னால் போதும். 2023 முடிவதற்குள் சட்டமூலம் கொண்டுவருவோம் என்று 2021 இல் ஆணைக்குழு வாக்களித்தது. 2023 முடிந்தது, சட்டமூலம் வரவில்லை. கையொப்பத்தின் தொகையை விட, அதற்குப் பின்னால் நிற்கும் சட்டம் என்ன என்பதே முக்கியம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இலங்கையில் விலங்குகளை வதைப்பதற்கு எதிரான கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டுக்குரியது. தண்டப் பணமாக அது சொல்வது நூறு ரூபாய் வரையிலான தொகை. 2006 இல் இலங்கைச் சட்ட ஆணைக்குழு புதிய விலங்குநலச் சட்ட வரைவை முன்வைத்தது. அரசாங்கங்கள் மாறி மாறி வந்தும் அது ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. மக்களே சட்டத்தை முன்மொழியும் வழி எங்கள் அரசியலமைப்பில் இல்லை. ஆகவே அங்கே சேரும் கையொப்பம் மகஜராகத்தான் இருக்கும். அதற்காக அது வீண் என்றில்லை. யாரிடம், எந்தச் சட்டத்தின் கீழ், எந்தத் திகதிக்குள் என்ன செய்யும்படி கேட்கிறோம் என்று தாளில் தெளிவாக எழுதினால், பதில் வராதபோது அதையே திரும்பக் கேட்கலாம்.

அடுத்தமுறை மட்டையும் பேனையுமாக ஒருவர் உங்கள் முன் வந்து நின்றால், கையெழுத்து வைக்குமுன் அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தத் தாள் யாரிடம் போகிறது? அவர்கள் என்ன செய்யக் கடமைப்பட்டவர்கள்? இது நிறைவேறினால் என் வீட்டில் என்ன மாறும்? மூன்றுக்கும் அவரிடம் பதில் இருந்தால், நீங்கள் ஒப்பமிட்டாலும் இடாவிட்டாலும் அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறார்.